பறக்கும் வாளுக்கும் எடை வேண்டும்

மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்குத் தாவும் வீரன், ஒரே வீச்சில் நூறு பேரைச் சாய்க்கும் வாள், உள்ளங்கையிலிருந்து பாயும் நெருப்பு. தற்காப்புக் கலையும் மாயாஜாலமும் கலந்த இத்தகைய படங்களை விரும்பிப் பார்க்கும் இளையர்கள் நம்மிடையே ஏராளம். திரையரங்கிலும் கைப்பேசியிலும் இவை வந்துகொண்டே இருக்கின்றன. கணினி வரைகலை வளர வளர, இவற்றில் காட்டப்படும் வியப்புகளும் பெருகிக்கொண்டே போகின்றன.

ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். கடந்த ஓராண்டில் நீங்கள் பார்த்த இவ்வகைப் படங்களில் எத்தனை சண்டைக்காட்சிகளை இப்போது ஒரு நண்பரிடம் வரிசையாக விவரிக்க முடியும்? யார் முதலில் அடித்தார், மற்றவர் எப்படித் தப்பினார், எந்த இடத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்? பல படங்களைப் பொறுத்தவரை, "நிறைய ஒளி வந்தது, ஏதோ வெடித்தது, கடைசியில் கதாநாயகன் வென்றான்" என்பதற்கு மேல் நினைவில் எதுவும் நிற்பதில்லை.

இதற்குக் கணினியைக் குற்றம் சொல்வது எளிது. "அந்தக் காலத்தில் உண்மையாகச் சண்டை போட்டார்கள், இப்போது எல்லாமே கிராஃபிக்ஸ்" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்போம். அந்தக் குற்றச்சாட்டு பாதிதான் சரி என்பது என் கருத்து. ஒரு வீரனால் எது முடியும், எது முடியாது, தோற்றால் அவன் எதை இழப்பான் என்பது நமக்குத் தெரிந்தால்தான் சண்டையைப் பார்க்கும்போது மனம் பதறும். எல்லாமே முடியும் என்றாகிவிட்டால் பதறுவதற்கு எதுவும் இல்லை. அந்த வரம்பைக் காப்பாற்றவும் கணினி உதவும், அழிக்கவும் உதவும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் படத்தின் வெற்றி இருக்கிறது.

மாயம் நேற்று வந்ததல்ல

வீரத்தையும் தற்காப்புக் கலையையும் மையமாகக் கொண்ட சீனக் கதைகளுக்கு 'வூஷியா' என்று பெயர். இந்த வகைப் படங்கள் தொடக்கத்திலிருந்தே தந்திரக்காட்சிகளோடு வளர்ந்தவை. 1928இல் ஷாங்ஹாயில் வெளியாகி, மூன்றாண்டுகளில் பல பாகங்களாகத் தொடர்ந்த 'செந்தாமரைக் கோயில் எரிப்பு' என்னும் மௌனப் படத்திலேயே வீரர்கள் கம்பியில் தொங்கிப் பறந்தார்கள். மாயச் சக்திகளைக் கையால் வரைந்து படத்தில் சேர்த்தார்கள். மக்கள் திரண்டு பார்த்தார்கள். மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று கருதிய அன்றைய சீன அரசாங்கம் 1931இல் அதைத் தடை செய்தது.

1964இல் ஹாங்காங்கில் வெளியான 'புத்தரின் உள்ளங்கை' என்னும் கன்டனீஸ் மொழிப் படத்தில், வீரர்களின் கைகளிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்கள் படச்சுருளின் மீதே கையால் வரையப்பட்டவை. 1983இல் இயக்குநர் சுய் ஹார்க், 'ஸூ: வாரியர்ஸ் ஃப்ரம் தி மேஜிக் மவுண்டன்' படத்துக்காக ஹாலிவுட் தந்திரக்காட்சி வல்லுநர்களை ஹாங்காங்கிற்கு வரவழைத்தார். கணினி வருவதற்கு முன்பே மாயத்துக்கான ஆசை இருந்தது என்பதற்கு இவை சான்று. எனவே, மாயம் சேர்ந்தால் தற்காப்புக் கலை கெட்டுவிடும் என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்காது.

நம் வட்டாரத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. ஷா சகோதரர்கள் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் திரையரங்குகளை நடத்தித் தங்கள் தொழிலை வளர்த்தவர்கள். பின்னாளில் அவர்களின் ஹாங்காங் படப்பிடிப்புத் தளத்தில் உருவான வாள்சண்டைப் படங்கள் இங்குள்ள அரங்குகளுக்கும் வந்தன. நம் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் அந்தச் சண்டைகளைப் பார்த்த அனுபவத்தைச் சொல்வார்கள்.

இரண்டு படங்கள், ஒரே நடிகை

2000ஆம் ஆண்டில் ஆங் லீ இயக்கிய 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே சுய் ஹார்க் தம் பழைய ஸூ மலைக் கதைக்குத் திரும்பி, 'தி லெஜண்ட் ஆஃப் ஸூ' என்ற படத்தைக் கணினி வரைகலையின் துணையோடு புதிதாக எடுத்தார். இரண்டிலும் ஆட்கள் பறக்கிறார்கள். இரண்டிலும் கணினி வேலை செய்திருக்கிறது. நடிகை ஜாங் சியி இரண்டிலும் நடித்திருக்கிறார். ஆனால், முதல் படம் நான்கு ஆஸ்கார் விருதுகளை வென்று இன்றும் பேசப்படுகிறது. இரண்டாவது படத்தை அறிந்தவர்கள் இவ்வகைப் படங்களின் தீவிர ரசிகர்கள் மட்டுமே.

ஏன் இந்த வேறுபாடு? 'கிரவுச்சிங் டைகர்' படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையை எடுத்துக்கொள்வோம். நடிகர்கள் பாரந்தூக்கிகளிலிருந்து தொங்கவிடப்பட்ட கம்பிகளில் உண்மையிலேயே உயரத்தில் இருந்தார்கள். உடைக்குள் வார்ப்பட்டை கட்டி, கீழே ஒரு குழு கம்பியை இழுத்தும் தளர்த்தியும் அவர்களை இயக்கியது. சண்டை வடிவமைப்பாளர் யுவென் வூ-பிங். கணினியின் முக்கிய வேலை, படப்பிடிப்புக்குப் பிறகு அந்தக் கம்பிகளைப் படத்திலிருந்து அழிப்பது. அதனால் நாம் பார்ப்பது உண்மையான உடல்கள். மூங்கில் வளைகிறது, கால் வழுக்குகிறது, உடை காற்றில் இழுபடுகிறது. பறப்பவருக்கும் எடை உண்டு என்பதை நம் கண் உணர்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கணினி இல்லாத காலத்தில் கம்பி கண்ணில் படாமலிருக்க, அதை முடிந்தவரை மெல்லியதாக வைக்க வேண்டியிருந்தது. மெல்லிய கம்பி அறுந்துபோகும் ஆபத்து அதிகம். பின்னர் அழித்துவிடலாம் என்ற வசதி வந்ததும் தடித்த, பாதுகாப்பான கம்பிகளைப் பயன்படுத்த முடிந்தது. சண்டைக் கலைஞர்களின் உயிருக்குக் கணினி தந்த பாதுகாப்பு அது. கிராஃபிக்ஸைக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

'தி லெஜண்ட் ஆஃப் ஸூ' படத்திலோ வீரர்கள் மேகங்களுக்கு மேல் மிதக்கிறார்கள். வாள்கள் ஒளிக்கீற்றுகளாகின்றன, சிறகுகள் உலோகமாகின்றன, மலைகள் பிளக்கின்றன. ஒவ்வொரு சட்டமும் ஓவியம் போல அழகுதான். ஆனால், எந்த அடி வலிக்கும், எந்தச் சக்தி எப்போது தீரும் என்று நமக்குத் தெரிவதே இல்லை. தரை இல்லாத இடத்தில் யாரும் விழ முடியாது. விழ முடியாதவருக்காக நாம் எப்படிப் பயப்படுவது?

வாளேந்திய நடனமணிகள்

'கிரவுச்சிங் டைகர்' படத்தின் மூன்று முக்கியப் பெண் கதாபாத்திரங்களில் நடித்தவர்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. மூவருமே நடனம் பயின்றவர்கள்.

ஈப்போவில் பிறந்த நம் மிச்செல் இயோ சிறுவயதிலேயே பாலே கற்கத் தொடங்கி, லண்டனில் நடனம் படித்தவர். முதுகெலும்பில் ஏற்பட்ட காயத்தால் நடனக் கனவு கலைந்த பிறகே அவர் திரையுலகுக்கு வந்தார். ஜாங் சியி 11 வயதில் பெய்ஜிங்கில் நடனப் பள்ளியில் சேர்ந்தவர். வில்லியாக வரும் செங் பெய்-பெய்யும் ஷாங்ஹாயில் பாலே கற்றவர். 1966இல் ஷா நிறுவனத்துக்காகக் கிங் ஹூ இயக்கிய 'கம் டிரிங்க் வித் மீ' படத்தின் வாள்வீராங்கனையாகப் புகழ்பெற்ற அவர் 2024இல் காலமானார்.

தற்காப்புக் கலைஞர்களாகத் தொடங்காத இவர்களின் சண்டை ஏன் நம்மை நம்ப வைக்கிறது? உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது, ஓர் அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்த அசைவுக்கு முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் நடனப் பயிற்சியில் உடலுக்குள் ஊறிவிடுகின்றன. பரதநாட்டியம் கற்கும் மாணவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். அரைமண்டியில் நிற்கத் தெரியாதவர் எவ்வளவு வேகமாகக் கை வீசினாலும் ஆட்டம் அந்தரத்தில் தொங்கும். சிலம்பம் சுற்றுபவர்களுக்கும் இது தெரியும். கம்பு சுழல்வது மணிக்கட்டால் மட்டுமல்ல, காலடியாலும்தான்.

அப்படத்தின் படப்பிடிப்பில் மிச்செல் இயோவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்தார். எல்லாரும் இப்படிக் காயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காயத்தைப் போற்றுவது தவறான பாடம். ஆனால், திரையில் நாம் காணும் இலகுவான அசைவுக்குப் பின்னால் ஓர் உடல் இருந்தது என்பதை அந்தச் செய்தி நினைவூட்டுகிறது.

கணினி வென்ற இடங்கள்

கணினி வரைகலை மிகுந்த படங்கள் எல்லாமே தோல்விதானா? இல்லை. ஸ்டீபன் சோவ் இயக்கிய 'குங்ஃபூ ஹசல்' (2004) ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. வீட்டுக்காரம்மா கத்தினால் சுற்றியுள்ள அனைத்தும் சிதறுகின்றன. இசைக்கருவியின் நரம்பை மீட்டினால் கண்ணுக்குத் தெரியாத கத்திகள் பறக்கின்றன. இறுதிச் சண்டையில் கதாநாயகன் வானத்திலிருந்து இறங்கி அடிக்கும் அடியில் உள்ளங்கை வடிவம் பதிகிறது. 1964ஆம் ஆண்டுப் படத்தின் அதே 'புத்தரின் உள்ளங்கை'தான் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கையால் வரைந்த ஒளியைச் சோவ் கணினியால் வரைந்து, தாம் சிறுவயதில் ரசித்த படங்களுக்கு வணக்கம் செலுத்தினார்.

இத்தனை கிராஃபிக்ஸ் இருந்தும் அந்தப் படம் ஏன் இன்றும் அலுக்கவில்லை? அந்த வீட்டுக்காரத் தம்பதியாக நடித்த யுவென் வாவும் யுவென் சியுவும் சிறுவயதிலேயே பீக்கிங் ஓபரா பள்ளியில் கடும் பயிற்சி பெற்றவர்கள். ஜாக்கி சானும் சாம்மோ ஹங்கும் படித்த பள்ளி அது. யுவென் வா, புரூஸ் லீயின் படங்களில் அவருக்கு மாற்றாகச் சாகசக் காட்சிகளில் தோன்றியவர். அத்தகைய உடல்களின் மேல் கணினி மிகைப்படுத்தலைச் சேர்த்தபோது நகைச்சுவையும் வீரமும் சேர்ந்தே கிடைத்தன.

"அப்படியானால் உண்மையான உடலே இல்லாத அனிமேஷன் படங்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025இல் வெளியான சீனப் படமான 'நெசா 2' முழுக்க முழுக்கக் கணினியில் உருவானது. அனிமேஷன் பட வரலாற்றிலேயே மிக அதிக வசூல் அதற்குத்தான். அதில் தொங்கும் நடிகரும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனால், கதையில் வரம்பு இருக்கிறது. உடலை இழந்த நண்பன் ஆவ் பிங்கின் ஆன்மா சில நாள்களுக்கு நெசாவின் உடலில் தங்கியிருக்க வேண்டிய நிலை. நண்பன் அந்த உடலைக் கொண்டு போட்டியில் மோத வேண்டுமானால் நெசா தூங்கியாக வேண்டும். தவறான நேரத்தில் விழித்துக்கொண்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கெடு தவறினால் நண்பனை இழக்க வேண்டும். எனவே, ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு விலை இருக்கிறது. நான் சொல்லும் எடை, தராசில் நிறுக்கும் எடை மட்டுமல்ல என்பதற்கு இந்தப் படமே சாட்சி.

பணத்தால் வாங்க முடியாதது

இதற்கு நேர்மாறான பாடம் 2018 ஜூலையில் கிடைத்தது. சீனாவில் 'அசுரா' என்ற பிரம்மாண்டமான மாயாஜாலப் படம் வெளியானது. செலவு சுமார் 75 கோடி யுவான் என்று செய்திகள் கூறின. முதல் வார இறுதியில் கிடைத்த வசூல் 5 கோடி யுவானைக்கூட எட்டவில்லை. அந்த வார இறுதியோடு தயாரிப்பாளர்கள் படத்தைத் திரையரங்குகளிலிருந்து மீட்டுக்கொண்டார்கள். இணையத்தில் திட்டமிட்டுக் குறைந்த மதிப்பெண் போட்டதாக அவர்கள் குறைப்பட்டார்கள். அது எப்படியிருந்தாலும், பெரும் செலவில் வரைகலையைக் குவித்தால் மட்டும் பார்வையாளர்கள் வந்துவிட மாட்டார்கள் என்பது தெளிவானது.

ஹாலிவுட்டும் இதற்கு விலக்கல்ல. 2021இல் வெளியான 'ஷாங்-சி' படத்தில் பெரிதும் பாராட்டப்பட்டது ஓடும் பேருந்துக்குள் நடக்கும் சண்டை. குறுகிய இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, நிலைகுலையும் வண்டி, நடுவில் பயணிகள் என அங்கே எல்லாமே வரம்புகள்தாம். அதே படத்தின் முடிவில் பெரிய டிராகன்கள் மோதுகின்றன. அதற்கான வரைகலை வேலை பேருந்துக் காட்சியைவிடப் பன்மடங்கு பெரிது. ஆனாலும், பேருந்துச் சண்டை தந்த விறுவிறுப்பை அந்த முடிவு எனக்குத் தரவில்லை. அப்படத்தின் சண்டைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பிராட் ஆலன், ஜாக்கி சானின் குழுவில் பயிற்சி பெற்றவர். படம் வெளியாவதற்குச் சற்று முன்பு காலமான அவருக்கே அப்படம் காணிக்கையாக்கப்பட்டது.

திரைக்குப் பின்னால் இருப்பவர்கள்

வரைகலையைப் பற்றிப் பேசும்போது அதைச் செய்பவர்களையும் நினைக்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் கணினி தானாக எதையும் வரைந்துவிடுவதில்லை. ஒரு கம்பியை அழிக்க ஒருவர் ஒவ்வொரு சட்டமாக உட்கார்ந்து வேலை செய்கிறார். அந்தத் தொழிலும் நிலையற்றது. ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்காகப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், 2013இல் அப்படம் ஆஸ்கார் மேடையில் வரைகலை விருது பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் நொடித்துப்போனதாக அறிவித்தது. அந்நிறுவனத்துக்கு மலேசியாவிலும் கிளை இருந்தது. 2023இல் சிங்கப்பூரிலிருந்த ஐ.எல்.எம். கூடம் மூடப்படும் என்ற அறிவிப்பால் 300க்கும் மேற்பட்டோரின் வேலை பாதிக்கப்பட்டது.

சண்டைக் கலைஞர்களின் நிலையும் வெகு காலம் அப்படித்தான். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் 1980களிலிருந்தே சண்டை வடிவமைப்புக்கு இடமுண்டு. ஆஸ்கார் அமைப்போ 2025இல்தான் இதற்கெனத் தனி விருதை அறிவித்தது. 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் அது வழங்கப்படும்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் களத்தில் இறங்கிவிட்டது. புரூஸ் லீ, ஜாக்கி சான் படங்கள் உட்பட 100 பழைய குங்ஃபூ படங்களை அதன் துணையால் புதுப்பிக்கும் திட்டம் 2025 ஜூனில் ஷாங்ஹாய் திரைப்பட விழாவில் அறிவிக்கப்பட்டது. மங்கிய படத்தைத் தெளிவாக்குவது நல்ல பணி. ஆனால், அந்தக் கலைஞர்கள் செய்யாத அசைவுகளை அவர்களின் உடலில் ஏற்றத் தொடங்கினால், நாம் பாதுகாப்பது எதை?

நாம் செய்யக்கூடியது

மாணவர்களே, இந்தக் கேள்வி சினிமாக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. நம்மில் பலர் கைப்பேசியில் குறும்படம் எடுக்கிறோம். சிலர் பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் அனிமேஷன் படிக்கிறார்கள். ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் பறக்கும் வீரனைச் சில நிமிடங்களில் உருவாக்கித் தரும் செயலிகள் எல்லார் கைக்கும் வந்துவிட்டன. எல்லாருக்கும் கிடைக்கும் ஒன்றால் யாரும் தனித்து நிற்க முடியாது. அந்த வீரன் தரையில் இறங்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும், எப்போது அவன் மூச்சு வாங்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு இருக்கும். அந்த அறிவு செயலியில் கிடைக்காது. பயிற்சிக் களத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே, அனிமேஷன் படிக்க விரும்புபவர்கள் பள்ளியின் புறப்பாட நடவடிக்கையில் சிலம்பம், சிலாட், வுஷு, நடனம் என ஏதாவது ஒன்றில் சேருங்கள். பதக்கம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. விழுந்து எழுந்த அனுபவம் உங்கள் வரைபலகையில் கைகொடுக்கும். குறும்படம் எடுப்பவர்கள் முதலில் ஒரு சிறிய அறைக்குள், இரண்டு பேரை வைத்து, எந்தக் கிராஃபிக்ஸும் இல்லாமல் ஒரு நிமிடச் சண்டையை எடுத்துப் பாருங்கள். அது சுவையாக அமைந்தால் அதன் மேல் எவ்வளவு மாயத்தையும் ஏற்றலாம்.

பார்வையாளர்களாகவும் நமக்குப் பொறுப்புண்டு. அடுத்த முறை இவ்வகைப் படம் பார்க்கும்போது, இந்த வீரனால் என்ன முடியாது என்று கேட்டுப் பாருங்கள். படத்தில் அதற்குப் பதில் இருந்தால், அதை எடுத்தவர்கள் உங்களை மதித்திருக்கிறார்கள். படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், ஓடும் பெயர்களில் சண்டைக் குழுவையும் வரைகலைக் குழுவையும் தேடிப் படியுங்கள். யார் கம்பியை இழுத்தார்கள், யார் அதை அழித்தார்கள் என்று தெரிந்துகொண்டு பார்க்கும் ரசிகர்களை வெறும் வெளிச்சத்தால் ஏமாற்ற முடியாது.